பூட்டினா மட்டும் போதாது, பூட்டியிருக்குன்னு சொல்லவும் வேணும்

மத்தவங்க கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா எடுத்துட்டுப் போறதுக்குன்னே ஒரு பென்டிரைவ் வச்சிருக்கேன். அதுல இருந்து லினக்ஸ் பூட் ஆகும், ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்கான்னு பாக்குற டூல்ஸ், டிரைவர் ஃபைல்ஸ், அழிஞ்ச ஃபோட்டோவ மீட்குற சாஃப்ட்வேர்னு வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தது எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. சில மாசத்துக்கு முன்னாடி மாமாவோட லேப்டாப்ல அதைச் சொருகி வேலைய முடிச்சேன், அடுத்த நாள் அதே பென்டிரைவை ஃப்ரெண்டோட அப்பா கம்ப்யூட்டர்ல சொருகினேன். அதுக்கு மறுநாள் அவர் போன் பண்ணி, "தம்பி, என் ஃபோல்டர் எல்லாம் அம்புக்குறி போட்ட மாதிரி ஆயிடுச்சுப்பா, என்னன்னே புரியல"ன்னாரு. எனக்குப் புரிஞ்சிடுச்சு. நிஜ ஃபோல்டரை மறைச்சு வச்சுட்டு அதே பேர்ல ஷார்ட்கட் போடுற வைரஸ், டபுள் க்ளிக் பண்ணா ஃபோல்டரும் திறக்கும் வைரஸும் ஓடும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது. மாமா லேப்டாப்ல இருந்து இவர் வீட்டுக்கு அதைத் தூக்கிட்டுப் போனது நான்தான். உதவி பண்ணப் போன இடத்துல நோயக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தது ரொம்ப நாள் மனசுல உறுத்திட்டே இருந்துச்சு.

அப்பத்தான் முடிவு பண்ணேன், இந்த பென்டிரைவுக்கு ஒரு ஸ்விட்ச் வேணும். சாஃப்ட்வேர் செட்டிங் இல்ல, கையால தள்ளுற நிஜ ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினா படிக்க மட்டும்தான் முடியும், எந்தக் கம்ப்யூட்டர் என்ன பண்ணாலும் உள்ள ஒரு பைட் கூட மாறக்கூடாது.

இது புதுசா யாரும் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்ல. ஃப்ளாப்பி டிஸ்க்ன்னு ஒண்ணு ஐபிஎம்ல முதமுதலா 1971ல வந்தப்போ அந்த 8 இன்ச் டிரைவால எழுதவே முடியாது, மெயின்ஃப்ரேம்ங்குற பெரிய கம்ப்யூட்டருக்கு மைக்ரோகோட், அதாவது ப்ராசஸரோட உள் கட்டளைகளை, ஏத்துறதுக்காக மட்டும் செஞ்சது, படிக்கிறது ஒண்ணுதான் அதோட வேலை. எழுதுற வசதி அப்புறம்தான் வந்துச்சு. அது வந்ததும் கூடவே பூட்டும் வந்துச்சு. 5.25 இன்ச் டிஸ்க்ல ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும், அதை ஸ்டிக்கர் போட்டு மூடினா எழுத முடியாது. 3.5 இன்ச்ல சின்னதா ஒரு தள்ளு கட்டை, ஓட்டை திறந்திருந்தா பூட்டு, மூடியிருந்தா எழுதலாம். இதுல முக்கியமானது என்னன்னா, பெரும்பாலான ஃப்ளாப்பி டிரைவ்ல அந்த ஓட்டையப் பாக்குற சென்சார் டிரைவுக்குள்ளயே எழுதுற சர்க்யூட்டைத் தடுத்துடும், கூடவே ரிப்பன் கேபிள்ல 28வது கம்பி வழியா கம்ப்யூட்டருக்கும் "பூட்டியிருக்கு"ன்னு சொல்லிடும். ரெண்டு வேலை. தடுக்குறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. அப்ப படிக்கும்போது இது எனக்குப் பெருசாத் தெரியல, இந்த பென்டிரைவோட மல்லுக்கட்டி முடிச்சப்புறம்தான் ஃப்ளாப்பி செஞ்சவங்க எவ்வளவு யோசிச்சு செஞ்சிருக்காங்கன்னு புரிஞ்சுது.

எஸ்டி கார்டுல பக்கவாட்டுல ஒரு தள்ளு கட்டை இருக்குமே அதைப் பாத்து நிறைய பேர் நிம்மதியா இருக்காங்க. அது வெறும் பிளாஸ்டிக். கார்டுக்குள்ள எந்த கம்பியோடவும் அதுக்குத் தொடர்பு கிடையாது, கார்டுக்கு அது எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. ரீடர்ல இருக்குற சின்ன ஸ்விட்ச் அதைத் தொட்டுப் பாத்து கம்ப்யூட்டர்கிட்ட சொல்லும், அப்புறம் கம்ப்யூட்டரா மனசு வச்சு எழுதாம இருக்கணும். சில ரீடர்ல அந்த ஸ்விட்சே இருக்காது. அதாவது இங்க சொல்ற வேலை மட்டும் இருக்கு, தடுக்குற வேலை இல்ல. கார்டுக்குள்ள நிஜமாவே ஒரு பூட்டு இருக்கு, சிஎஸ்டின்னு ஒரு ரெஜிஸ்டர்ல தற்காலிகப் பூட்டுக்கு ஒரு பிட், நிரந்தரப் பூட்டுக்கு ஒரு பிட், ஆனா அது கமாண்ட் அனுப்பி மாத்துறது, அந்த பிளாஸ்டிக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நிரந்தர பிட்டை ஒரு தடவை போட்டா திருப்பி எடுக்கவே முடியாது, அதனால விளையாட்டுக்குக் கூட அதைத் தொடாதீங்க.

என் தம்பிகிட்ட இந்த ஸ்விட்ச் திட்டத்தைச் சொன்னப்போ, "அண்ணா, ரீட்-ஒன்லியா மவுன்ட் பண்ணிட்டா போதாதா, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?"னு கேட்டான். மவுன்ட்னா டிரைவைக் கம்ப்யூட்டர் எடுத்துத் திறந்து வைக்கிறது, அதைப் படிக்க மட்டும்னு சொல்லித் திறந்தா போதுமேன்னு கேக்குறான். நியாயமான கேள்விதான். நம்ம கம்ப்யூட்டர்னா அது சரி. லினக்ஸ்ல ப்ளாக்டெவ்னு ஒரு கமாண்ட் இருக்கு, விண்டோஸ்ல டிஸ்க்பார்ட்ல ரீட்-ஒன்லி போடலாம், ரெஜிஸ்ட்ரில யூஎஸ்பிக்கு எழுதாதேன்னு ஒரு கீயும் வைக்கலாம். ஆனா அதெல்லாம் அந்தந்தக் கம்ப்யூட்டர்ல போடுற பூட்டு. நான் பயப்படுறதே அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துத்தான், திருடன் கையிலயே சாவியக் குடுத்து பத்திரமா வச்சுக்கோன்னு சொல்ற மாதிரி ஆயிடும். இன்னொண்ணு, ரீட்-ஒன்லின்னு சொல்லி மவுன்ட் பண்ணா கூட எழுதுறது நடக்கும். லினக்ஸோட இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் சரியா மூடாம விட்டிருந்தா, படிக்க மட்டும்னு மவுன்ட் பண்ணாலும் அது முதல்ல ஜர்னல்ல, அதாவது எழுத வேண்டியதைக் குறிச்சு வைக்கிற இடத்துல, பாக்கி இருக்குறதை டிஸ்க்ல எழுதி முடிச்சுட்டுத்தான் உள்ள விடும், நோலோட்னு தனியா ஆப்ஷன் குடுத்தாத்தான் அதை விடும். விண்டோஸ் பாட்டுக்கு சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்னு ஒரு ஃபோல்டர் போடும், மேக் பாட்டுக்கு ஸ்பாட்லைட் இண்டெக்ஸ், டிஎஸ் ஸ்டோர்னு இறைச்சுட்டுப் போகும். யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல, ஆனா சொருகின உடனே எழுதுறாங்க.

சரி, ஹார்ட்வேர்தான்னு ஆயிடுச்சு, எந்தக் கம்பிய வெட்டுறது? எனக்கு முதல்ல வந்த யோசனை எல்லாருக்கும் வர்றதுதான், எழுதுற கம்பி ஒண்ணு இருக்கும், அதுல ஸ்விட்ச் வச்சுட்டா முடிஞ்சுது. பழைய ஹார்ட் டிஸ்க்கோட ஐடிஇ கேபிள்ல 40 பின்ல 23வது பின் நிஜமாவே எழுதுறதுக்கான சிக்னல்தான். ஆனா டிஸ்க்குக்கு "இந்த இடத்தைப் படி"ன்னு சொல்றதும் அதே சிக்னல் வழியாத்தான், ஏன்னா கமாண்டையே டிஸ்க்கோட ரெஜிஸ்டர்ல எழுதித்தான் ஆகணும். அதை வெட்டினா எழுத முடியாது, படிக்கவும் முடியாது. அதுக்கப்புறம் வந்த சாட்டா கேபிள்ல இன்னும் மோசம், ஏழு பின்ல மூணு கிரவுண்ட், போறதுக்கு ஒரு ஜோடி கம்பி, வர்றதுக்கு ஒரு ஜோடி. படின்னு சொல்ற கமாண்டும் எழுதுன்னு சொல்ற கமாண்டும் எழுத வேண்டிய டேட்டாவும் ஒரே ஜோடில ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓடுது. யூஎஸ்பியும் இதே கதைதான். கேபிள்ல வெட்டி ஒண்ணும் ஆகாது, கமாண்டைப் படிச்சுப் புரிஞ்சுக்குற ஒரு மூளை நடுவுல உக்காரணும், இல்லன்னா டிரைவுக்குள்ள போய் சிப்புகிட்டயே வேலை பாக்கணும். ஸ்கஸின்னு இன்னொரு வகை பழைய ஹார்ட் டிஸ்க் பலதுல ரைட் ப்ரொடெக்ட்னு ஒரு ஜம்பரே குடுத்திருந்தாங்க, அதுக்கும் முன்னாடி டெக் கம்பெனியோட ஆர்எல்02 மாதிரி பெரிய டிஸ்க் டிரைவ்ல முகப்புலயே அழுத்துற பட்டன் இருந்துச்சு. அந்த வழக்கம் சாதாரண டிஸ்க்கள்ல இருந்து ஏன் காணாமப் போச்சுன்னு எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

அதனால பென்டிரைவைத் திறந்தேன். முதல்ல கைவச்சது பழசா கிடந்த வேற ஒண்ணு, நல்லதை எடுத்து சோதிக்கல. உள்ள ரெண்டு சிப்பு இருக்கும். ஒண்ணு கன்ட்ரோலர், யூஎஸ்பி பேசுறது அதுதான். இன்னொண்ணு நாண்ட் ஃப்ளாஷ், டேட்டா இருக்குறது அதுல. நாண்ட் சிப்பு ரெண்டு பக்கமும் பல்லு மாதிரி கால் நீட்டிட்டு இருக்குற டிசாப்-48ங்குற வகையா இருந்தா அதிர்ஷ்டம், ஏன்னா காலைத் தொட முடியும். கறுப்பா மொத்தமா உருக்கி வார்த்த மாதிரி இருக்குற சின்ன பென்டிரைவ்ல எதையும் தொட முடியாது, அதை விட்டுடுங்க.

டிசாப்-48ல 19வது பின் ரைட் ப்ரொடெக்ட். அது கீழ, அதாவது கிரவுண்ட் பக்கம் இருந்தா சிப்பு எழுதவும் விடாது அழிக்கவும் விடாது. ஃப்ளாஷ்ல எழுதணும்னா சிப்புக்குள்ளயே ஒரு பம்ப் சர்க்யூட் பெரிய வோல்டேஜ் தயார் பண்ணணும், இந்தப் பின் கீழ இருந்தா அந்த பம்ப்பே கிளம்பாது. பவர் ஏறும்போதும் இறங்கும்போதும் தப்பா எதுவும் எழுதிடக் கூடாதுன்னுதான் சிப்பு செய்யறவங்க இதை வச்சிருக்காங்க. பக்கத்துல இருக்குற 18வது பின் ரைட் எனேபிள், பேரு கிட்டத்தட்ட ஒண்ணாத் தெரியும், ஆனா அது ஐடிஇ கதைதான், சிப்புக்கு எந்தக் கமாண்ட் போனாலும் அது துடிக்கும், அதைப் பிடிச்சு வச்சா படிக்கவும் முடியாது. காலுக்கும் காலுக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர்தான், அதனால லென்ஸ் வச்சு புள்ளி போட்ட மூலைல இருந்து ரெண்டு தடவை எண்ணிப் பாத்துக்கோங்க.

மல்டிமீட்டர்ல பாத்தா என் போர்டுல 19வது பின் நேரா 3.3 வோல்ட் லைனோட ஒட்டியிருந்துச்சு. இங்க ஒரு ஆபத்து இருக்கு, அப்படியே அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஸ்விட்ச் வச்சா மொத்த 3.3 வோல்ட்டும் ஷார்ட் ஆகும். அதனால ஃப்ளக்ஸ் தடவி, மெல்லிய டிப் போட்ட அயர்ன்ல சூடு காட்டி, அந்த ஒத்தக் காலை மட்டும் ஊசியால மெதுவாத் தூக்கினேன். தூக்கின கால்ல இருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு, ஸ்விட்ச் வழியா 3.3 வோல்ட்டுக்கு. ஸ்விட்ச் திறந்திருந்தா பூட்டு, மூடினா எழுதலாம். எனாமல் கம்பியால இழுத்து, ஆடாம இருக்க ஹாட் க்ளூ வச்சாச்சு.

பூட்டிட்டுச் சொருகினேன். டிரைவ் வந்துச்சு, ஃபைல் எல்லாம் தெரிஞ்சுது, திறந்துச்சு. ஒரு ஃபைலை அதுல காப்பி பண்ணேன். எர்ரர் வரும்னு காத்திருக்கேன், வரல. காப்பி முடிஞ்சுதுன்னு சொல்லுது. ஃபோல்டர்ல பாத்தா ஃபைல் உக்காந்திருக்கு, திறந்தா திறக்குது கூட. கழட்டிச் சொருகினா இல்ல. அதாவது பூட்டு வேலை செஞ்சுது, ஆனா கம்ப்யூட்டர்கிட்ட யாரும் சொல்லல. கன்ட்ரோலர் டேட்டாவ வாங்கிக்கிட்டு சரின்னு தலையாட்டிடுச்சு, கம்ப்யூட்டரும் அதை நம்பி தன்னோட கேஷ்ல, அதாவது தற்காலிக நினைவுல, இருந்து எனக்குக் காட்டிட்டு இருந்துச்சு. ஒருத்தர் தன் ஒரே ஃபோட்டோ தொகுப்ப இதுல "மூவ்" பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சப்போ வயித்தக் கலக்குச்சு.

அப்புறம் ஒரு தப்பு பண்ணேன், சொருகி இருக்கும்போதே ஸ்விட்சை மூடின நிலைக்கு, அதாவது எழுதலாம்ங்குற பக்கத்துக்குத் தள்ளிட்டேன். அடுத்த தடவை சொருகினப்போ டிரைவ் சைஸ் பூஜ்யம்னு வந்துச்சு, அதோட அந்த பென்டிரைவ் கதை முடிஞ்சுது. என்ன நடந்திருக்கும்னு நான் ஊகிக்கிறது இதுதான்: பூட்டியிருக்கும்போது கன்ட்ரோலர் எழுதப் பாத்து தோத்துக்கிட்டே இருந்திருக்கு. நாண்ட் சிப்பு தன்னோட ஸ்டேட்டஸ்ல மேல் பிட்ல "நான் பூட்டியிருக்கேன்"னு சொல்லத்தான் செய்யும், ஆனா கன்ட்ரோலருக்குள்ள ஓடுற ப்ரோக்ராமான ஃபர்ம்வேரை எழுதினவங்க அதைப் பாக்கணும்னு நினைக்கல, போர்டுல அந்தப் பின் எப்பவும் மேலதானே இருக்கு. அதனால ஒவ்வொரு தோல்வியையும் அந்த ப்ளாக் கெட்டுப்போச்சுன்னு கணக்கு எழுதி, அடுத்த ப்ளாக்குக்குப் போய், அதுவும் கெட்டுப்போச்சுன்னு எழுதி, அந்தத் தப்புக் கணக்கு முழுசையும் மனசுல வச்சிருந்து, நான் பூட்டைத் திறந்ததும் அதை ஃப்ளாஷ்லயே எழுதி வச்சிடுச்சு.

இங்கதான் எனக்கு அந்த ஃப்ளாப்பி விஷயம் உறைச்சுது. எஸ்டி கார்டு சொல்லுது, தடுக்கல. என் முதல் ஸ்விட்ச் தடுக்குது, சொல்லல. பாதிப் பூட்டு ரெண்டுமே ஆபத்து, என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் பெரிய ஆபத்து, ஏன்னா அது பொய் சொல்லுது.

சொல்றதுன்னா எப்படின்னா, பென்டிரைவைச் சொருகினதும் கம்ப்யூட்டர் அதுகிட்ட மோட் சென்ஸ்னு ஒரு கமாண்ட் அனுப்பிக் கேக்கும், வர்ற பதில்ல ஒரு பைட்டோட மேல் பிட் 1ன்னு இருந்தா பூட்டியிருக்குன்னு அர்த்தம். லினக்ஸ்ல கர்னல் லாக்ல "ரைட் ப்ரொடெக்ட் இஸ் ஆன்"னு ஒரு வரி வரும், அதைப் பாத்தா போதும். அதையும் மீறி யாராவது எழுதுற கமாண்ட் அனுப்பினா, டேட்டா ப்ரொடெக்ட்னு சொல்லித் திருப்பி அனுப்பணும், அதுக்கு சென்ஸ் கீ 7ன்னு நம்பரே இருக்கு. இதெல்லாம் ஸ்கஸி காலத்துல இருந்தே இருக்குற நாகரிகமான வழக்கம், பென்டிரைவும் உள்ளுக்குள்ள அதே ஸ்கஸி கமாண்டைத்தான் பேசுது. ஆனா இந்தப் பதிலைச் சொல்ல வேண்டியது கன்ட்ரோலர். அதனால அதுகிட்ட ஒரு கம்பி போய்த்தான் ஆகணும்.

நிறைய கன்ட்ரோலர் சிப்புல இதுக்குன்னே ஒரு பின் இருக்கு. ஸ்விட்ச் வச்ச பென்டிரைவை இன்னைக்கும் கங்காரு மாதிரி சில கம்பெனிங்க விக்கிறாங்க, அதெல்லாம் இந்த மாதிரி பின்னைத்தான் பயன்படுத்துது. உங்க பென்டிரைவோட போர்டுல எதுவும் சால்டர் பண்ணாம காலியா மூணு புள்ளி வரிசையா இருந்தா கவனமாப் பாருங்க, ஸ்விட்ச் வைக்க இடம் விட்டுட்டு காசு மிச்சம் பண்ண வைக்காம விட்டதா இருக்கலாம். என் நல்ல பென்டிரைவுல அப்படித்தான் இருந்துச்சு. கன்ட்ரோலர் மேல இருந்த நம்பரை வச்சு டேட்டாஷீட் தேடி எடுத்துப் பின்னைக் கண்டுபிடிச்சேன், அந்தப் பின்னை ஒரு 0 ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டோட கட்டி வச்சிருந்துச்சு, அதாவது எப்பவும் எழுதலாம். அந்த ரெசிஸ்டரை எடுத்துட்டா பின் மேல போகும், பூட்டிக்கும். இது சிப்புக்குச் சிப்பு மாறும், சிலதுல கீழ இழுத்தாத்தான் பூட்டு, அதனால என்னோடதை அப்படியே காப்பி அடிக்காதீங்க.

ரெசிஸ்டரை எடுத்தேன், 10 கிலோ ஓம் புல்-அப், அதாவது பின்னை மேல இழுத்து வைக்கிற ரெசிஸ்டர், வச்சேன், ஸ்விட்சை கிரவுண்டுக்குக் குடுத்தேன். சொருகினதும் விண்டோஸ் "டிஸ்க் ரைட் ப்ரொடெக்டட்"னு சொல்லுச்சு. இவ்வளவு பாடுபட்டப்புறம் ஒரு எர்ரர் மெசேஜைப் பாத்து நான் சந்தோஷப்பட்டது அன்னைக்குத்தான்.

பலருக்கு இதோட போதும், போதும்னே சொல்வேன். ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. இப்ப சொல்றது கன்ட்ரோலர், தடுக்குறதும் கன்ட்ரோலர்ல ஓடுற ஃபர்ம்வேர்தான். 2014ல ப்ளாக் ஹேட் மாநாட்டுல பேட்யூஎஸ்பின்னு ஒண்ணு காட்டினாங்க, சில பென்டிரைவ் கன்ட்ரோலரோட ஃபர்ம்வேரையே யூஎஸ்பி வழியா மாத்தி எழுதலாம்னு. அப்படி மாத்தினா அந்தப் பின்னை அது கண்டுக்காமப் போகலாம். சாதாரண ஷார்ட்கட் வைரஸ் அந்த அளவுக்குப் போகாதுதான், ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டு பாதில விட மனசு வரல. கன்ட்ரோலர் சொல்லட்டும், நாண்ட் சிப்பு தடுக்கட்டும், ரெண்டும் ஒரே ஸ்விட்ச்ல.

முதல்ல ரெட்டை ஸ்விட்ச் ஒண்ணு வாங்கி, ஒரு பாதி கன்ட்ரோலருக்கு இன்னொரு பாதி நாண்டுக்குன்னு யோசிச்சேன். ஆனா அதுல நாண்ட் பக்கத்துக் கம்பி மட்டும் அறுந்துச்சுன்னா, கன்ட்ரோலர் திறந்திருக்குன்னு நினைக்கும், சிப்பு பூட்டியிருக்கும், திரும்ப அதே பொய், அதே பூஜ்யம். ரெண்டு பூட்டும் தனித்தனியா விழவே கூடாது. அதனால ஸ்விட்ச்ல இருந்து ஒரே ஒரு கம்பி. அது கன்ட்ரோலர் பின்னுக்குப் போகுது, அங்க இருந்து 2என்7002ன்னு ஒரு குட்டி மாஸ்ஃபெட்டோட கேட்டுக்கும் போகுது. இந்த மாஸ்ஃபெட் வோல்டேஜால இயங்குற ஒரு ஸ்விட்ச் மாதிரி, கேட்டுங்குற கால் மேல போனா ட்ரெயின், சோர்ஸ்ங்குற மத்த ரெண்டு காலும் இணையும். நாண்டோட 19வது காலைத் தூக்கி 10 கிலோ ஓம்ல 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வச்சு, அதை மாஸ்ஃபெட்டோட ட்ரெயின்ல கட்டினேன், சோர்ஸ் கிரவுண்டுக்கு. கம்பி மேல போனா கன்ட்ரோலர் பூட்டிக்கும், அதே நேரம் மாஸ்ஃபெட் நாண்ட் பின்னைக் கீழ இழுத்துப் பிடிக்கும். கம்பி கீழ வந்தா ரெண்டும் திறக்கும். ஸ்விட்ச்சுக்குப் போற கம்பி அறுந்தா, ஸ்விட்சே உடைஞ்சா, புல்-அப் இருக்குறதால லைன் மேல போகும், ரெண்டும் சேர்ந்தே பூட்டிக்கும். பூட்டு கெட்டா திறந்து கிடக்கக் கூடாது, பூட்டியே கிடக்கணும், அதுலதான் நான் ரொம்ப நேரம் செலவழிச்சேன். கன்ட்ரோலருக்கு முன்னாடியே தெரியுறதால அது எழுத முயற்சியே பண்றதில்ல, அதனால நாண்ட் பூட்டு அதைக் குழப்புறதும் இல்ல. எல்லா கன்ட்ரோலரும் இப்படி ஒழுங்கா இருக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன், சிலது கம்ப்யூட்டர் கேக்காமலேயே உள்ளுக்குள்ள ப்ளாக்கை மாத்தி வைக்கிற வேலை பாக்கும், அது இந்தப் பூட்டுல முட்டிக்கலாம். முதல்ல காலியான பென்டிரைவுல சோதிங்க.

பின் பேரை மட்டும் பாத்து நம்பக்கூடாதுங்குறதுக்கு இன்னொரு உதாரணம் சொல்லிடுறேன், மதர்போர்டுல பயாஸ் இருக்குற எட்டுக் கால் எஸ்பிஐ ஃப்ளாஷ் சிப்பு. அதுல 3வது பின் ரைட் ப்ரொடெக்ட்தான், ஆனா அதைக் கீழ இழுத்தா டேட்டா பூட்டிக்காது, ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்தான் பூட்டிக்கும், அதுவும் அதுக்கான பிட்டைப் போட்டிருந்தாத்தான். முதல்ல ரெஜிஸ்டர்ல எந்தப் பகுதியப் பூட்டணும்னு எழுதிட்டு, அப்புறம்தான் பின் அதைக் காவல் காக்கும். சிப்பை நாலு லைன்ல டேட்டா அனுப்புற குவாட் மோடுல போட்டுட்டா அந்தப் பின் சாதாரண டேட்டா லைனாவே மாறிடும், பூட்டுங்குற பேச்சுக்கே இடமில்ல. பழைய க்ரோம்புக்ல ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினாத்தான் ஃபர்ம்வேர் எழுத முடியும்னு வச்சிருந்தாங்களே, அது இந்தப் பின்னைத்தான் கிரவுண்டோட சேர்த்துப் பிடிச்சிருந்துச்சு. ஒரு ஸ்க்ரூ, அவ்ளோதான், அழகான வேலை.

இப்ப சோதனை. எர்ரர் வந்துச்சுன்னா பூட்டு வேலை செய்யுதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. பூட்டுறதுக்கு முன்னாடி டிரைவ் முழுசுக்கும், ஃபைலுக்கு இல்ல, முதல் செக்டார்ல இருந்து கடைசி செக்டார் வரைக்கும், எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ், அதாவது உள்ள ஒரு பிட் மாறினாலும் மாறிடுற கைரேகை மாதிரி ஒரு எண், எடுத்து எழுதி வச்சேன். அப்புறம் பூட்டிட்டு என்னென்ன பண்ண முடியுமோ அத்தனையும் பண்ணேன், காப்பி, டெலீட், ஃபார்மேட், பார்ட்டிஷன் டேபிள மாத்துறது, டிடி கமாண்ட்ல நேரா பூஜ்யத்தைக் கொட்டுறது. ஒவ்வொண்ணுக்கப்புறமும் கழட்டிச் சொருகி, ஏன்னா கழட்டலன்னா கேஷ்ல இருந்து பழைய கதையச் சொல்லும், வேற கம்ப்யூட்டர்ல வச்சு திரும்ப ஹேஷ் எடுத்தேன். ஒரு எழுத்து மாறல. அதுக்கப்புறம்தான் க்ளூ வச்சு மூடினேன்.

பயன்படுத்தும்போது ரெண்டு பழக்கம் வேணும். ஸ்விட்சை எப்பவும் கழட்டி வச்சிருக்கும்போது மட்டும் தள்ளணும், கம்ப்யூட்டர் பெரும்பாலும் சொருகும்போதுதான் பூட்டியிருக்கான்னு கேக்கும், நடுவுல மாத்தினா ரெண்டு பேருக்கும் வேற வேற நினைப்பு ஆயிடும். அப்புறம் பூட்டுறதுக்கு முன்னாடி ஒழுங்கா எஜெக்ட் பண்ணிடணும், ஜர்னல்ல பாக்கி வச்சுட்டுப் பூட்டினா அடுத்த தடவை மவுன்ட் ஆகவே அடம் பிடிக்கும். லைவ் லினக்ஸ் எல்லாம் பூட்டின நிலைலயே நல்லா பூட் ஆகுது, அது ரேம்லதான் ஓடுது, செட்டிங்ஸ் சேமிக்கிற பெர்சிஸ்டன்ஸ் மட்டும் வேலை செய்யாது.

பெரிய சாட்டா டிஸ்க்குக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதுக்குள்ள கைவைக்காதீங்க. தடயவியல் ஆட்கள் பயன்படுத்துற ரைட் ப்ளாக்கர்னு ஒரு பெட்டி இருக்கு, டேப்லோ மாதிரி, டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல உக்காந்து எழுதுற கமாண்டை மட்டும் தடுக்கும். அமெரிக்காவோட என்ஐஎஸ்டி அமைப்பு அதையெல்லாம் சோதிச்சு ரிப்போர்ட் போடுறாங்க, வாங்குறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. சொந்தமா செய்யணும்னா ராஸ்பெர்ரி பை 4 மாதிரி ஒரு சின்ன போர்டை எடுத்து, அதையே பென்டிரைவ் மாதிரி காட்டுற லினக்ஸோட மாஸ் ஸ்டோரேஜ் கேட்ஜெட்டை ரீட்-ஒன்லி ஆப்ஷனோட ஓட்டலாம். வேகம் கம்மிதான், ஆனா எதிர்ப்பக்கம் அது பூட்டின பென்டிரைவ் மாதிரியே பதில் சொல்லும். எஸ்எஸ்டியா இருந்தா ஒண்ணு மனசுல வைங்க, எந்த ப்ளாக்கர் வச்சாலும் பவர் குடுத்ததும் அது உள்ளுக்குள்ள தானா குப்பை கூட்டுற வேலைய ஆரம்பிச்சுடும், ஏற்கனவே டிரிம் ஆன, அதாவது இனி வேண்டாம்னு கம்ப்யூட்டர் சொல்லிட்ட, இடத்தை எல்லாம் துடைச்சுடும். வெளிய இருந்து யாரும் அதைத் தடுக்க முடியாது.

இந்தப் பூட்டு எதுக்கு உதவாதுன்னும் சொல்லிடணும். உள்ள இருக்குறதை யாரும் காப்பி எடுக்குறதை இது தடுக்காது. ஃப்ளாஷ்ல சார்ஜ் மெதுவா கசியிறதையும் தடுக்காது. படிச்சுக்கிட்டே இருந்தா கூட பக்கத்து செல்லு கொஞ்சம் கொஞ்சமா கலங்கும், சாதாரணமா கன்ட்ரோலர் அதைக் கவனிச்சு வேற இடத்துக்கு மாத்தி எழுதும், பூட்டி வச்சா அது முடியாது. அதனால மாசத்துக்கு ஒரு தடவை என் சொந்த மெஷின்ல பூட்டைத் திறந்து சொருகி, அந்த நேரத்துலயே டூல்ஸையும் புதுசாக்கி, ஹேஷ் எடுத்து எழுதி வச்சுட்டு திரும்பப் பூட்டிடுறேன். இன்னொரு காப்பி வேற டிஸ்க்ல இருக்கு, ஸ்விட்ச் பேக்கப்புக்கு மாத்து இல்ல.

ஃப்ரெண்டோட அப்பா மெஷினை அப்பவே சுத்தம் பண்ணிக் குடுத்துட்டேன், நடந்ததை மறைக்காம சொல்லிட்டேன், "பரவாயில்ல விடுப்பா"ன்னு அவர் பெருந்தன்மையா சொன்னாரு. போன வாரம் மாமா வீட்டுக்குப் போனேன். அதே லேப்டாப். ஸ்விட்ச் பூட்டு பக்கம் இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டுச் சொருகினேன். கொஞ்ச நேரத்துல ஸ்க்ரீன்ல "டிஸ்க் ரைட் ப்ரொடெக்டட்"னு ஒரு பெட்டி வந்துச்சு, நான் எதுவும் காப்பி பண்ணல, எதையும் தொடல. மூடினேன், திரும்ப வந்துச்சு. உள்ள இருக்குறது எழுதப் பாத்துக்கிட்டே இருக்கு. "என்னடா மாப்ள, ரிப்பேரா?"ன்னு மாமா கேட்டாரு. "இல்ல மாமா, சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு, பென்டிரைவைக் கழட்டி என் லேப்டாப்ல சொருகி ஹேஷ் எடுத்தேன். எழுதி வச்சிருந்ததோட கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் போச்சு. அப்புறம் அதே பென்டிரைவுல இருந்து மாமா லேப்டாப்பை பூட் பண்ணி சுத்தம் பண்ண உக்காந்தேன்.